மஞ்சள் துணி கட்டிய குழாய்

செய்தி வந்தபோது நான் டீசல் பங்க்கில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். காலை பதினொன்றரை இருக்கும். காதர் மைதீன் பாயின் மகள் பாத்திமா போனில் பேசினாள். "வசந்தாக்கா, வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று தஞ்சாவூருக்குக் காரில் கிளம்பியிருக்கிறார்கள். பேராவூரணியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. நான் "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். சரி என்று சொல்லும்படியாக அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. வரிசையில் நின்றவர் எத்தனை லிட்டர் என்று மூன்று முறை சொன்ன பிறகும் எனக்கு எழுத வரவில்லை. அவரே பேனாவை வாங்கி எழுதிக்கொண்டார்.

நம் துறைமுகத்தில் காதர் மைதீன் என்றால் யோசிப்பார்கள். மெக்கானிக் பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். இதைப் படிக்கிற உங்களில் பலருடைய படகு இன்ஜின் அவர் கைபட்டு ஓடியதுதான். அப்படியிருந்தும் கடந்த மூன்று வருடங்களாக நீங்கள் அவரைக் கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் பேசினீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள், இன்ஜினைத் தொட விடவில்லை. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தீர்கள். அந்தக் காரணம் பொய். பொய் என்று தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மிச்சம் இருப்பது நான். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை, அவரை அடக்கம் செய்த பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், முப்பது பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு படகு நடுக்கடலில் நின்றுபோய், இன்னொரு படகு அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தது. "டீசல்ல தண்ணியக் கலந்து ஊத்துறீங்களா?" என்று ஒருவர் மேஜையை அறைந்தார். மேனேஜர் அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்து பின்பக்கமாகப் போய்விட்டார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒல்லியாக, கைலியும் எண்ணெய்ச் சட்டையுமாக ஒருவர் வந்தார். கையில் இரண்டு சர்பத் பாட்டில்கள். ஒன்றில் அந்தப் படகின் டேங்க் அடியிலிருந்து எடுத்த டீசல். காலியாக இருந்த இன்னொன்றில் எங்கள் பங்க் டீசலைப் பிடிக்கச் சொன்னார். இரண்டையும் என் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "அரை மணி நேரம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. எனக்கு ஒரு டீ சொல்லுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி கழித்து எங்கள் பாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருந்தது. படகின் பாட்டிலில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தங்கியிருந்தது. கூட்டம் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. இதுவும் பங்க்கிலிருந்து போன தண்ணீர்தானே என்றார்கள். பாய் ஒரு மெல்லிய குழாயை விட்டு அடித் தண்ணீரை உறிஞ்சி நாக்கில் விட்டுக்கொண்டார். முகத்தைச் சுளித்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "உப்பு கரிக்குது. இது கடல் தண்ணி. டேங்க் மூடி வாஷர் செத்துப்போயிருக்கு, அலை தெறிக்கிறப்பல்லாம் உள்ள எறங்கியிருக்கு. பில்லு போடுற அம்மாகிட்ட உங்களுக்கு என்னங்க சண்டை?" என்றார். என் வேலை அன்று பிழைத்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு பில்லம்மா.

அவர் முதலில் மெக்கானிக் வேலை பார்த்தது வயல்களில். கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் எட்டாத வருடங்களில் டீசல் பம்ப்செட் ஓட்டித்தான் நாற்றைக் காப்பாற்றுவார்கள். அந்த இன்ஜின்களைப் பார்த்துப் பழகியவர், பிறகு துபாயில் பத்து வருடம் கப்பல்களை இழுக்கிற படகின் இன்ஜின் அறையில் இருந்தார். திரும்பி வந்த பிறகும் அவர் பேச்சில் வயல்தான் இருந்தது. படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற இன்ஜின் நின்றால், நம் ஆட்கள் நேராகப் பம்ப்பைக் கழற்றித் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பாய்க்கு அது பிடிக்காது. "வயலுக்குத் தண்ணி வரலேன்னா வயல்லயா போயி மம்பட்டியப் போடுவே? மதகப் பாப்பே, வாய்க்காலப் பாப்பே. இதுவும் அதேதான். டேங்க்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா வா" என்பார். ஒரு முறை இப்படித்தான் பம்ப்பைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றப் போனவர்களை நிறுத்தி, டேங்க்கிலிருந்து வரும் பழைய ரப்பர் குழாயை நடுவில் வெட்டிக் காட்டினார். வெளியே பார்க்க நன்றாக இருந்தது. உள்பக்கம் தோல் உரிந்து மடங்கி வழியை அடைத்திருந்தது. எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். "இன்ஜின் பொய் சொல்லாது பில்லம்மா, இன்ஜினப் பத்திப் பேசுற ஆளுதான் சொல்லுவான்" என்று என்னிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறார். பின்னால் அவரே எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரர் செல்வராசு விசைப்படகு டிரைவர். எங்கள் கரையில் பெண்கள் விசைப்படகில் ஏறுவதில்லை. ஏறினால் மீன் படாது, ஆபத்து வரும் என்று ஒரு நினைப்பு. நான் அதை நம்பினேனா என்றால் தெரியாது, ஆனால் மீறியதில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு மீறினேன். அதற்கு முந்தின சீசனில் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று இன்ஜின் கெட்டுக் காற்றில் ஒதுங்கி எல்லைக்கு அப்பால் போய்விட்டது. ஆட்கள் பிடிபட்டு மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் தினமும் பங்க்குக்கு வந்து, எந்தப் படகாவது ஏதாவது செய்தி சொன்னதா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று. மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற நேரத்தில் எங்கள் மாரியம்மன் கோவிலில் வேண்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் துணியில் மஞ்சள் கிழங்கும் குங்குமமும் முடிந்து வாங்கி வந்தேன். அதை அவர் ஓட்டும் படகில் கட்டிவிட வேண்டும். அவரிடம் கொடுத்தால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறந்துவிடுவார். நானே கட்ட வேண்டும்.

கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் பூஜை முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருந்தார்கள். பாய் அன்று காலைதான் அந்த இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். துறையில் ஆள் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் குதித்தேன். முன்பக்கம் கட்டினால் கண்ணில் படும். கேபினுக்குப் பின்னால் பழைய வலை குவிந்திருக்கிற இடத்தில், கைத்தடிப் பிடிபோல மேலே வந்து வளைந்து கீழே பார்க்கிற ஒரு இரும்புக் குழாய் நின்றது. துணி கட்டுவதற்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. வாயோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். அலை தெறித்தால் குங்குமம் கரைந்துவிடுமே என்று, கொண்டுபோயிருந்த பால் கவரை மேலே போர்த்தி, அறுத்த சைக்கிள் டியூபை இழுத்து இழுத்து ஏழு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். என் கை கட்டினால் கட்டுதான். ஒன்பது வருடம் டீசல் பங்க்கில் உட்கார்ந்தவள் நான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும், அதற்குத்தான் டேங்க்கில் ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் யாரையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் விடிவதற்குள் படகுகள் போய்விட்டன. மதியம் இரண்டு மணிக்கு வயர்லெஸ் அறையிலிருந்து ஆள் ஓடி வந்தார். "ஒங்க வீட்டுக்காரர் படகு நின்னுபோச்சாம். பாயத் தேடுறாங்க." நான் பில் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் பாய் வந்து மைக்கைப் பிடித்திருந்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டுப் பார்த்தார்களாம், கயிறு அறுந்துவிட்டது. கிட்டத்தில் இருந்த ஒரே படகும் வலையை இறக்கியிருந்தது. அது வலையை ஏற்றிக்கொண்டு வர இரண்டு மணி நேரமாவது ஆகும். எல்லைக்கு இரண்டு மைல்கூட இல்லை என்று என் வீட்டுக்காரரின் குரல் கரகரத்தது. அந்தக் குரலில் அவ்வளவு பயத்தை நான் அதுவரை கேட்டதில்லை. படகில் ஐந்து பேர்.

"செல்வராசு, மொதல்ல சாவியில இருந்து கைய எடு. யாரும் செல்ப் அடிக்கக் கூடாது. பேட்டரி எப்படி இருக்கு?" என்றார் பாய்.

"எறங்கிப்போச்சு பாய். இன்னும் ரெண்டு தடவ அடிச்சாப் பெருசு."

"சரி. நிக்கிறப்ப புகை என்ன கலரு?"

"புகையே இல்ல பாய்."

பாய் எனக்குப் புரியட்டும் என்றோ என்னவோ மெதுவாகச் சொன்னார். "புகையே இல்லாம நின்னா டீசலே போகலன்னு அர்த்தம்." பிறகு மைக்கில் கேட்டார். "சட்டுன்னு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

"இழுத்து இழுத்துத்தான். போறப்ப நல்லாத்தான் போச்சு. வலைய எறக்கி இழுக்கையில மூச்சு வாங்குச்சு. நின்ன பொறவு கொஞ்ச நேரம் விட்டா ஓடுது, பத்து நிமிஷத்துல மறுபடி படுத்துக்குது. டீசல் லைன்ல ஏர் எடுத்து எடுத்துக் கை வலிக்குது பாய்."

"பில்டர் கிண்ணத்துல தண்ணி நிக்குதா?"

"இல்ல. சுத்தமா இருக்கு. புது பில்டரும் மாத்திட்டோம்."

"கை பம்ப்ப அடிச்சா எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. இழுத்தா வர மாட்டேங்குது."

பாய் மைக்கை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் ஒருவர், "பம்ப்பு போயிருக்கும், வேற என்ன" என்றார். இன்னொருவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "டீசலாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பாயின் மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று படகைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அம்மா தாயே, துணி கட்டியிருக்கிறேனே, உனக்குக் கண் இல்லையா என்று மனதுக்குள் சாமியைத் திட்டினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "செல்வராசு, டேங்க் பக்கம் ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"வலை இழுக்கையில டொம்முனு ஒண்ணு கேட்டுச்சு பாய். வலைப் பலகை இடிச்சிருக்கும்னு விட்டுட்டோம்."

"பலகை இல்ல. டேங்க் தகடு உள்வாங்கியிருக்கு. டேங்க் மூடிய மெதுவாத் தொற. காத வச்சுக் கேளு."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு என் வீட்டுக்காரர் கத்தினார். "உஸ்ஸுன்னு உள்ள இழுக்குது பாய்! காத்து உள்ள போவுது!"

பாயின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதான். டேங்க்குக்கு மூச்சு இல்ல. வென்ட் குழா அடைச்சிருக்கு. கேபினுக்குப் பின்னாடி வளைஞ்சு ஒரு குழா நிக்கும் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தவரின் கையை நான் பிடித்துவிட்டேன். அவர் மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

"பாய், வளைஞ்ச குழான்னா, கைத்தடி மாதிரியா?" என்று கேட்டேன். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்திருக்கும். இரண்டு கையாலும் எதையோ சுற்றிச் சுற்றிக் கட்டுவதுபோலக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"பின்னாடி போயிப் பாக்கவா பாய்?" என்று வயர்லெஸ் கேட்டது. அந்த சேனலில் அன்று கடலில் இருந்த எல்லாப் படகும் கேட்டுக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்துவிட்டுக் குழாயில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது என்று அவர்கள் சொன்னால், யார் கட்டியது என்று அடுத்த நிமிடம் கேள்வி வரும். நான் படகில் ஏறியது தெரிந்தால் என் வீட்டுக்காரருக்கு அந்தப் படகில் மட்டுமல்ல, இந்தக் கரையில் எந்தப் படகிலும் இடம் இருக்காது. இதையெல்லாம் நான் இப்போது வரிசையாக எழுதுகிறேன். பாய் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் யோசித்துவிட்டார்.

"வேணாம், பின்னாடி யாரும் போவாதீங்க. நேரம் இல்ல. மூடியத் தொறந்தபடியே வச்சுக்க, தண்ணி தெறிக்காம மேல ஒரு துணிய மட்டும் போட்டுக்க. பில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவத் தளத்தி, கை பம்ப்ப அடி. நுரை நிக்கிற வரைக்கும் அடி. அவசரப்படாத. நான் சொன்ன பொறவுதான் சாவி."

நுரை நின்றது. ஸ்க்ரூவை இறுக்கினார்கள். முதல் முறை செல்ப் அடித்தபோது இன்ஜின் முனகிவிட்டு நின்றது. என் வீட்டுக்காரர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி அழுதார். பாய் குரலை உயர்த்தவே இல்லை. "இன்னும் காத்து இருக்கு. பம்ப்புலேர்ந்து இன்ஜெக்டருக்குப் போற குழா நட்டுல ஒண்ணத் தளத்தி விட்டுட்டு அடி, டீசல் தெறிச்ச ஒடனே இறுக்கு" என்றார். ஒரே ஒரு முறைதான் பேட்டரியில் இருந்தது. அந்த ஒரு முறையில் இன்ஜின் பிடித்தது. வயர்லெஸ்ஸில் அந்தச் சத்தம் கேட்டதும் வாசலில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். பாய் மைக்கை வைத்துவிட்டு, உள்ளங்கை வியர்வையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். அவரும் பயந்திருந்தார் என்பதை நான் மட்டும் பார்த்தேன்.

பொழுது சாயும் நேரத்துக்குப் படகு வந்தது. கயிறு கட்டுவதற்குள் பாய் குதித்து உள்ளே போனார். திரும்பி வரும்போது இடுப்பு மடிப்பில் ஏதோ செருகியிருந்தது. படகு முதலாளி, "என்ன பாய் அடைச்சிருந்துச்சு?" என்று கேட்டார். பாய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "என் தப்புதாங்க. பெயின்ட் அடிக்கிறப்ப உள்ள போயிரக் கூடாதுன்னு நாந்தான் வென்ட்டுல துணிய அடைச்சு வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் படகிலிருந்து இறங்கிய வேகத்தில் அவர் சட்டையைப் பிடித்தார். "எங்க உசுரு ஒனக்கு வெளையாட்டாப் போச்சா? அஞ்சு குடும்பம்யா!" என்று உலுக்கினார். சட்டைப் பட்டன் இரண்டு தெறித்தன. பாய் கையை ஓங்கவில்லை, விலக்கவும் இல்லை. "தப்புதான், தப்புதான்" என்று மட்டும் சொன்னார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கை சட்டையை விட்டிருக்கும். நான் சொல்லவில்லை. ஒரு பட்டன் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டேன். அன்று நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஒரு வாரம் கழித்து பங்க்குக்கு வந்தார். நட்டு போல்ட்டுப் பொட்டலம் போல ஒன்றை என் மேஜையில் வைத்தார். உள்ளே மஞ்சள் துணியும் கிழங்கும் இருந்தன. "சாமிக்கும் எனக்கும் சண்டை இல்ல பில்லம்மா. மூச்சுக் குழாய விட்டுட்டு எங்க வேணாலும் கட்டுங்க" என்று சிரித்தார். நான் அழுதேன். ஏன் பாய் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு ரெண்டு படகு போனா நாலு பம்ப்செட் இருக்கு. ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன இருக்கு?" என்றார். இரண்டு படகு போகவில்லை. ஒவ்வொன்றாக எல்லாமே போயிற்று. வென்ட்டில் துணியை மறந்த மெக்கானிக் என்று சின்னச் சின்னப் படகுகள்கூட அவரை விட்டு விலகின. முதலில் விலகியது என் வீட்டுக்காரர் ஓட்டும் படகு.

நான் சும்மா இருந்தேன். வருடா வருடம் தடைக்காலம் முடியும்போது, இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இந்த வருடம் அவரிடமே சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். துறையில் ஒரு படகு இன்ஜினைச் சுற்றி நாலு பேர் நின்று பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அது பம்ப் கோளாறு இல்லை என்று, நிற்பதற்கு முன்னால் இன்ஜின் போட்ட சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. கால் எழுந்திருக்கப் பார்த்தது. பிறகு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன் பாய், நடக்கிறது நடக்கட்டும்" என்றேன். "செல்வராசு இன்னும் கடலுக்குத்தானே போறாரு. இந்த சீசன் போகட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் கேட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எனக்கு ஒரு சீசன் கிடைத்தது. அவருக்கு நாற்பது நாள்.

அடக்கத்துக்கு என் வீட்டுக்காரரும் போனார். மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார். "பெரிய தொழில்காரன். அந்த ஒரு தடவதான் தப்புப் பண்ணிட்டாரு" என்று வீட்டுக்குள் வரும்போதே சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி, பால் கவர், சைக்கிள் டியூப், வயர்லெஸ் அறை, எல்லாம். அவர் கத்துவார், அடிப்பார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டையப் புடிச்சேனடி" என்றார். பொழுது போகும்வரை அதையேதான் சொன்னார். மறுநாள் காலை, "எழுதிக் குடு. துறையில எல்லாரும் படிக்கட்டும். என்னையப் படகவிட்டு எறக்குனா எறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

ஆகவே இது என் கையால் எழுதியது. அந்த வென்ட்டை அடைத்தது காதர் மைதீன் பாய் இல்லை. பங்க்கில் பில் போடும் வசந்தா. அவர் அன்று காலை இன்ஜினைப் பார்த்தபோது குழாய் திறந்துதான் இருந்தது. அவருக்கு மறதி இல்லை. கண்ணால் பார்க்காத டேங்க்கை இருபது மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கேள்வி கேட்டே கண்டுபிடித்தவர் அவர். இனி உங்கள் இன்ஜின் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டிய மூன்று வருடங்களை உங்களிடமிருந்து நான்தான் மறைத்து வைத்தேன்.

மஞ்சள் துணியை நேற்று கோவில் வேப்பமரத்தில் கட்டிவிட்டேன். அவருடையது என்று என்னிடம் இப்போது இருப்பது அந்தப் பட்டன் ஒன்றுதான். வெள்ளை நிறம், நாலு துளை, ஒரு துளையில் இன்னும் நூல் இருக்கிறது. மூன்று வருடமாக பில் மேஜை டிராயரில் கிடக்கிறது. அவர் டீ குடிக்க வரும்போதெல்லாம் எடுத்துக் கொடுக்க நினைத்து, கொடுத்தால் பேச வேண்டியிருக்குமே என்று திரும்ப உள்ளே போட்டேன். இன்று பேசிவிட்டேன் பாய். பட்டனை யாரிடம் கொடுப்பது?